வாக்கில்லாதவர்களின் வாங்கு

1

போன கிழமை எங்கள் மாடிப்படியில் ஒரு சின்ன விஷயம் நடந்தது. கீழ்வீட்டுச் சுவிஸ் மனுஷி தபால்பெட்டியில் இருந்து தடித்த உறையொன்றை எடுத்துக்கொண்டே, வருகிற ஞாயிற்றுக்கிழமை எதற்கு வாக்களிக்கப் போகிறீர்கள் என்று என்னைக் கேட்டார். வின்டர்தூரில் வருடத்துக்குச் சில தடவை அந்த உறை வரும். ஒருமுறை பாலம் கட்டுவதா என்று கேட்பார்கள், இன்னொருமுறை பள்ளிக்கூடத்துக்குக் கூரை போடுவதா என்று. எல்லாவற்றுக்கும் சனங்கள்தான் ஓம் அல்லது இல்லை சொல்லவேண்டும். நான் வெளியாள் என்பது அந்த மனுஷிக்கு ஒரு கணம் மறந்துபோயிற்று. அதை நான் மரியாதையாகவே எடுத்துக்கொண்டேன்.

நான் வாயைத் திறக்குமுன் என் மகள் ஆரணி பதில் சொல்லிவிட்டாள். அவளுக்கு இன்னும் நாலு வயது நிரம்பவில்லை. அந்த மனுஷியின் பேச்சுமொழியிலேயே, நான் ஒருநாளும் சொல்லமுடியாத திருத்தத்தோடு சொன்னாள்: "மாமிக்கு அனுமதி இல்லை."

இந்த ஊர்ப் பிள்ளைகள் தாயை மாமி என்றுதான் கூப்பிடும். என் பிள்ளையும் விளையாட்டுப் பள்ளிக்குப் போகத் தொடங்கிய நாள்முதல் என்னை மாமி ஆக்கிவிட்டாள். ஊரில் இருந்து இதை வாசிக்கிற நீங்கள் சிரிப்பீர்கள். நானும் முதலில் சிரித்தேன். பிறகு, வீட்டில் அம்மா, வெளியில் என்னவென்றாலும் கூப்பிடு என்று ஒரு உடன்படிக்கைக்கு வந்தோம்.

எனக்குச் சுட்டது மாமி என்ற சொல் அல்ல. வாக்கு இல்லை என்பதும் அல்ல. அது தெரிந்த கதைதான். வெளியில் மழை பெய்கிறது என்று சொல்வதுபோல அவள் அதைச் சொன்னாள். யாரும் செய்யாத, யாரும் மாற்றமுடியாத ஒன்று போல. அவள் ஆறுமாதக் குழந்தையாக என் இடுப்பில் இருந்தபோது நாங்கள் இருவரும் சேர்ந்து நின்ற ஒரு மண்டபத்தைப் பற்றி அவளுக்குத் தெரியாது. அவள் ஒருநாள் தமிழ் வாசிப்பாளோ என்னவோ. இப்போதைக்கு உங்களுக்கு எழுதுகிறேன்.

2

நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் எங்களை நிலத்துக்குக் கீழே வைத்திருந்தார்கள். யுத்தம் வந்தால் ஒளிந்துகொள்வதற்கென்று இவர்கள் ஊருக்கு ஊர் கொங்கிறீற்றில் காப்பறைகள் கட்டி வைத்திருக்கிறார்கள். யுத்தத்திலிருந்து ஓடிவந்த எங்களை, இவர்களுக்கு வராத யுத்தத்துக்காகக் கட்டிய கிடங்கில் விட்டார்கள். யன்னல் கிடையாது. கதவு ஒரு முழத் தடிப்பு. வயிற்றில் ஆரணி. பகலா இரவா என்று பார்க்க நான் படியேறி வெளியே வரவேண்டும். என் கணவர் யோகன் ஆறுதலுக்குப் பகிடி விடுவார்: "இஞ்ச குண்டு விழுந்தாலும் எங்களுக்கு ஒண்டும் ஆகாது."

பிள்ளை பிறந்த பிறகு, வின்டர்தூரிலிருந்து தபால் பஸ்ஸில் போகக்கூடிய ஒரு கிராமத்துக்கு எங்களை மாற்றினார்கள். அந்தக் கிராமத்தின் பெயரை நான் எழுதவில்லை. அங்கே உள்ளவர்கள் இன்னும் அங்கேயே இருக்கிறார்கள். தேவாலயத்துக்கு எதிரே, மூடிக்கிடந்த பழைய தங்குவிடுதியொன்று ஊருக்குச் சொந்தமாக இருந்தது. அதன் மேல்மாடியில் எங்கள் குடும்பம், மற்ற அறைகளில் தனியாக வந்த ஆண்கள். அவர்களில் மூத்தவர் தவம் அண்ணை. சாவகச்சேரியில் லொறி ஓடியவர். யாரைக் கண்டாலும் முதலில் தொப்பியைக் கழற்றுவார். பஸ் சாரதிக்கும் கழற்றுவார்.

விடுதியின் கூரை ஒழுகியது. சூடாக்கி ஒருநாள் வேலைசெய்தால் மறுநாள் படுத்துவிடும். ஆனால் யன்னல் இருந்தது. யன்னலுக்கு வெளியே ஒரு பேரிமரம் நின்றது. குழந்தையை அந்த யன்னலோரம் கிடத்தியபோது, இனி என்னை யாரும் நிலத்துக்குக் கீழே இறக்கமுடியாது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்படி நினைத்துச் சில மாதங்களில் ஊர்ச்சபை ஒரு பிரேரணை கொண்டுவந்தது: கூரையையும் சூடாக்கியையும் ஊர்ப்பணத்தில் திருத்தி, எங்களைத் தொடர்ந்து அங்கேயே வைத்திருப்பது. எதிர்த்தவர்கள், அதை உள்ளூர்க் கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவருக்கு விற்று, இடித்து, மாடிவீடு கட்டவிடவேண்டும் என்றார்கள். பிரேரணை தோற்றால் எங்களைக் கலைத்து வெவ்வேறு இடங்களுக்கு அனுப்புவார்கள். காலியாக இருந்தவை பெரும்பாலும் காப்பறைகள்தான். பிரேரணைக்கு ஊரவர்கள் வாக்களிக்கும் அதே ஞாயிற்றுக்கிழமையில் ஊர்ச்சபைக்கு ஆட்களையும் தெரிவுசெய்ய இருந்தார்கள். சுவரெல்லாம் முகங்கள். அவற்றில் ஒரே ஒரு பெண்முகம், ஃபிராவ் கெல்லர்.

ஃபிராவ் என்றால் இங்கே திருமதி. ஃபிராவ் கெல்லர் கம்பளிநூல் கடை வைத்திருந்த கைம்பெண். ஐம்பத்தைந்து தாண்டியிருக்கும். நாங்கள் வந்த முதல் கிழமையே தன் பேரனின் பழைய தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, இதற்கு நன்றி சொல்லத் தேவையில்லை, பரண் காலியானது எனக்குத்தான் லாபம் என்றவர். அவருடைய கடையில் இருந்துதான் நான் ஜெர்மன் படித்தேன். எங்களுக்கு ஆதரவாக வெளிப்படையாக நின்ற வேட்பாளர் அவர் ஒருவர்தான்.

3

வாக்கு எனக்குப் புதிய சாமான் இல்லை. யாழ்ப்பாணம் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், நான் கிளாக்காக இருந்தேன். தேர்தல் வந்தால் எங்களை வாக்குச்சாவடிக் கடமைக்குப் போடுவார்கள். சனங்களின் இடதுகைச் சின்னிவிரலில் மை பூசுவது என் வேலையாக இருந்தது. வயலில் இருந்து நேரே வந்தவர்களின் விரலில் மை ஒட்டாது, துடைத்துப் பூசவேண்டும். வாக்குச்சீட்டை மடித்துப் பெட்டிக்குள் போட்டதும் சிலர் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள்.

நான் கடைசியாகக் கடமை செய்த தேர்தலில் சாவடி வாசலிலே பொலிஸ்காரர் துவக்கோடு நின்றார்கள். பின்னேரம் பெட்டிக்கு அரக்கு வைத்தோம், கையெழுத்து வைத்தோம், லொறி வந்து ஏற்றிக்கொண்டு போனது. சில பெட்டிகள் எண்ணுமிடத்துக்கு வந்துசேரவில்லை என்று பிறகு ஊரெல்லாம் கதை. என் பெட்டி போய்ச்சேர்ந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதன் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். நீங்கள் அங்கேதான் இருந்தீர்கள்.

ஒன்றைமட்டும் சொல்லவேண்டும். எங்கள் தீவில் பெண்களுக்கு 1931இலேயே வாக்குக் கிடைத்துவிட்டது. இந்த நாட்டில் பெண்களுக்கு நாடளாவிய வாக்குரிமை கிடைத்தது 1971இல். இதை ஃபிராவ் கெல்லருக்குச் சொன்னபோது அவர் பின்னிக்கொண்டிருந்த ஊசிகளை மடியில் வைத்துவிட்டு, திரும்ப ஒருமுறை வருடத்தைச் சொல்லச்சொன்னார். நாற்பது வயதில்தான் அவர் முதல் வாக்கைப் போட்டாராம். "அதுவரை பேசுவதெல்லாம் சமையலறையில்தான்" என்றார்.

4

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் ஊர்க்கூட்டம் ஒன்று, பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபத்தில். பிரேரணையைப் பற்றி ஊரவர்கள் பேசலாம். யாரும் வந்து கேட்கலாம் என்று அறிவித்தலில் போட்டிருந்தது. நான் போகவேண்டும் என்றேன். யோகனுக்கு விருப்பமில்லை.

"ஏன் வீண் சோலி? எங்கட அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை. அவை தங்கட ஊரைப் பற்றிக் கதைக்கினம். நீர் போய் என்ன செய்யப்போறீர்?"

"எங்களைப் பற்றித்தானே கதைக்கப்போயினம்" என்றேன். "என்ர முகத்தைப் பாத்துக்கொண்டு கதைக்கட்டும்."

தவம் அண்ணையும் தடுத்தார். வந்த இடத்தில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தால்தான் தலை மிஞ்சும் என்பது அவருடைய கொள்கை. ஆனாலும் நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டதும், பெண்பிள்ளை தனியே போகலாமா என்று அவரும் யோகனும் மற்றவர்களும் கோட்டை மாட்டிக்கொண்டு பின்னால் வந்தார்கள்.

வாசலில் நின்றவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். ஜெர்மனில் வாக்குக்கும் குரலுக்கும் ஒரே சொல், ஷ்டிம்மே. வாக்குரிமை உள்ளவரா என்று அவர் கேட்டது, உங்களுக்குக் குரல் இருக்கிறதா என்று என் காதில் விழுந்தது. ஓம், நல்லாக இருக்கிறது என்று சொன்னேன். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிவந்துபோய், மண்டபத்தின் ஓரத்தில் சுவரோடு போட்டிருந்த உட்காரும் நீட்டு மர வாங்கைக் காட்டினார். வாக்கில்லாதவர்கள் அங்கேதான் இருக்கவேண்டும், கை உயர்த்தி வாக்களிக்கும்போது எண்ணிக்கை குழம்பக்கூடாது என்பதற்காக. ஏற்கனவே அங்கே ஒரு பத்திரிகைக்காரரும் இத்தாலியக் கொத்தனார் ஒருவரும் இருந்தார்கள். அந்தக் கொத்தனார் பதினெட்டு வருடமாக அந்த ஊரில் வீடு கட்டுகிறாராம். நகர்ந்து இடம் தந்தார்.

பேச்சுத் தொடங்கியது. கூரைச் செலவு, வரி, தண்ணீர்க்குழாய் என்று போனது. பிறகு ஒருவர் எழுந்து, எங்கள் சமையல் மணம் தெருவரை வருகிறது என்றார். இன்னொருவர், பஸ் தரிப்பில் இந்த ஆண்கள் கூடி நிற்பதால் தன் மகள் சுற்றுவழியில் போகிறாள் என்றார். ஒப்பந்தக்காரரின் மைத்துனர் கடைசியாக எழுந்தார். அவர் கத்தவில்லை, நிதானமாகத்தான் சொன்னார்: "இவர்கள் யார், என்ன நினைக்கிறார்கள் என்று நமக்கு எப்படித் தெரியும்? இத்தனை மாதமாக ஒரு வார்த்தை பேசியதில்லையே."

நான் எழுந்து கையை உயர்த்தினேன்.

மண்டபம் திரும்பிப் பார்த்தது. ஊர்ச்சபைத் தலைவர் ஒரு பால்பண்ணைக்காரர், கெட்டவர் இல்லை. வாக்கில்லாதவர்கள் பேசமுடியாது, ஆனால் கூட்டம் சம்மதித்தால் விதிவிலக்குத் தரலாம் என்றார். அப்படியே கூட்டத்தைக் கேட்டார். இந்தப் பெண் பேசலாம் என்பவர்கள் கையை உயர்த்துங்கள். பேசக்கூடாது என்பவர்கள். எண்ணத் தேவையில்லாத அளவுக்கு வித்தியாசம் இருந்தது. எனக்கு மருந்துவிற்ற கை, ரொட்டி விற்ற கை, குழந்தையின் கன்னத்தைத் தட்டிய கை எல்லாம் இரண்டாவது முறைதான் உயர்ந்தன.

தலைவர் நன்றி சொல்லி, தயவுசெய்து வாங்கில் இருங்கள் என்றார்.

நான் இருக்கவில்லை. திட்டம் போட்டுச் செய்யவில்லை. முழங்கால் மடங்க மறுத்துவிட்டது, அவ்வளவுதான். பேசக்கூடாது என்றீர்கள், பேசவில்லை. பிள்ளை என் தோளில் நித்திரை. யோகன் என் கோட்டைப் பிடித்து இழுத்தார்.

"இரும் மலர். எல்லாரும் பாக்கினம்."

"பாக்கட்டும்."

தலைவர் இரண்டாம் தரமும் கேட்டுக்கொண்டார், இம்முறை கொஞ்சம் இறுக்கமாக. அப்போது மண்டபத்தின் நடுவிலிருந்து ஃபிராவ் கெல்லர் எழுந்தார். ஓரத்து வாங்கில் உள்ளவர்கள் இருந்துதான் ஆகவேண்டும் என்று எந்த விதி சொல்கிறது என்று கேட்டார். நக்கலாகக் கேட்கவில்லை. நூலின் நீளம் கேட்பதுபோலக் கேட்டார். இந்த நாட்டில் விதி என்று கேட்டுவிட்டால் அதற்குப் பதில் சொல்லாமல் யாரும் மேலே போகமாட்டார்கள். ஊர்ச்சபை எழுத்தர் மேசையில் இருந்த விதிப்புத்தகத்தைப் புரட்டினார். முன்னால் புரட்டினார், பின்னால் புரட்டினார். பிறகு தலைவரின் காதில் ஏதோ சொன்னார்.

தலைவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "கூட்டம் தொடரும்" என்றார்.

கூட்டம் தொடர்ந்தது, நான் நின்றேன். இரண்டு பேச்சுக்குப் பிறகு என் பக்கத்தில் வாங்கு முனகியது. திரும்பிப் பார்த்தால் தவம் அண்ணை எழுந்து நிற்கிறார், தொப்பி தலையிலேயே இருக்கிறது. அவருக்குப் பிறகு மற்றவர்கள் ஒவ்வொருவராக எழும்பினார்கள். இத்தாலியரும் எழுந்தார். கடைசியாக யோகன் எழுந்து, கை உளையும் தாரும் என்று பிள்ளையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகும் பலர் எங்களுக்கு எதிராகப் பேசினார்கள். ஆனால் சமையல் மணத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

5

வாக்களிப்பு ஞாயிறு. காலையில் யன்னலருகே நின்ற தவம் அண்ணை திரையை இழுத்து மூடிவிட்டு, எல்லாரையும் உள்ளறைக்கு வரச்சொன்னார்.

"துவக்கோட வாறாங்கள்."

எட்டிப் பார்த்தேன். உண்மைதான். தோளில் துவக்கோடு ஆண்கள் சைக்கிளில் வருகிறார்கள், எங்கள் விடுதியைத் தாண்டிப் பள்ளிக்கூடத்துக்கு, அதாவது வாக்குச்சாவடிக்கு. ஒரு நொடியில் நான் திரும்ப யாழ்ப்பாணத்தில் மைக்குப்பியோடு நின்றேன். அவர்கள் சைக்கிளை நிறுத்தினார்கள். துவக்குகளைச் சுவரில் குடைகளைச் சாத்துவதுபோலச் சாத்தினார்கள். உள்ளே போய் வாக்கைப் போட்டுவிட்டு, சிரித்துக் கதைத்துக்கொண்டு வந்து, துவக்கை எடுத்துக்கொண்டு போனார்கள். இந்த ஊர் ஆண்கள் எல்லாரும் சிப்பாய்கள், ஞாயிறுகளில் குறிபார்த்துச் சுடும் பயிற்சி என்று பிறகு தெரியவந்தது. ஆனால் அந்தக் காலையில் நாங்கள் ஒருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

நான் பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தெருவுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றேன். யாரும் யாரையும் அதட்டவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் பொலிஸ் இல்லை. பொறாமையாக இருந்தது என்று சொன்னால் பொய்யில்லை. கோபமாகவும் இருந்தது. இவ்வளவு இலேசாகச் செய்யக்கூடிய ஒரு காரியத்துக்கா எங்கள் ஊரில் அவ்வளவு துவக்கு?

பின்னேரம் முடிவை அறிவித்தல் பலகையில் குத்தினார்கள். பிரேரணை வென்றது, மயிரிழையில். கூரை எங்களுக்கு. ஃபிராவ் கெல்லர் தோற்றார், மயிரிழையில் அல்ல.

அன்று விடுதியில் கொண்டாட்டம் இல்லை. கீழறை ஆள் ஒருவர் என் காதுபட, அந்த மனுஷி தோற்றது இவ நிண்ட நிலையாலதான் என்றார். யோகன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டார். அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. மறுநாள் நேரே நூல்கடைக்குப் போனேன். என்னால்தான் தோற்றீர்களா என்று நேராகவே கேட்டேன்.

ஃபிராவ் கெல்லர் சிரித்தார். துப்பாக்கி சுடும் திடலுக்கு ஊர்ப்பணம் கொடுப்பதைக் குறைக்கவேண்டும் என்று தான் சொன்னதை மறந்துவிட்டீர்களா என்று கேட்டார். அதோடு தான் ஒரு பெண், அதோடு இந்தக் கடையில் கடன் தருவதில்லை.

"உங்களுக்கு உங்களைப் பற்றி அளவுக்கு மிஞ்சின நினைப்பு" என்றார். "நான் தோற்க உங்கள் உதவி எனக்குத் தேவையில்லை."

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அந்த ஓரத்து வாங்கை எனக்குத் தெரியும். ஒருமுறை என் கணவர் கூட்டத்துக்குக் கண்ணாடியை மறந்துவிட்டுப் போனார். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அதில்தான் இருந்தேன். பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசினார்கள். என் பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடம். எனக்கு எழுந்து நிற்கத் தோன்றவில்லை."

6

அந்த வாக்கு ஏன் வென்றது என்று எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியவந்தது. ஆட்களே சொன்னார்கள். இங்கே ஞாயிற்றுக்கிழமை கழிந்துவிட்டால் யார் எதற்குப் போட்டார் என்பது பெரிய இரகசியம் இல்லை.

ரொட்டிக்கடைக்காரி ஓம் என்று போட்டார், ஒப்பந்தக்காரர் முன்பு தன் தகப்பனின் காணியை ஏமாற்றி வாங்கினார் என்ற கோபத்தில். மேட்டுவீட்டு விவசாயி ஓம் போட்டார். அவருடைய மருமகன் சூடாக்கி பூட்டித் திருத்துகிறவர். தேவாலய மணியடிக்கிறவர், விடுதியை இடித்தால் பேரிமரத்தை வெட்டுவார்கள் என்பதற்காக ஓம். ஆரணிக்கு மஞ்சள் சுவெட்டர் பின்னித் தந்த கிழவி இல்லை என்று போட்டார். அதை என் கையைப் பிடித்துக்கொண்டே சொன்னார்: உங்கள்மேல் ஒன்றும் இல்லை, அந்தக் கூரைக்கு அவ்வளவு செலவு செய்யக்கூடாது. சுவெட்டர் சூடாகத்தான் இருந்தது. நான் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

தபால்காரர் மட்டும்தான் எங்களைக் காரணமாகச் சொன்னார். அவர் முதலில் இல்லை என்று போட இருந்தாராம். "நீங்கள் நின்றதைப் பார்த்து எனக்குக் கால் உளைந்தது" என்றார். அதற்குமேல் விளக்கம் இல்லை.

இவர்களுக்கெல்லாம் நான் நன்றியுள்ளவளாக இருக்கவேண்டும் என்று தவம் அண்ணை சொல்லுவார். நான் மாட்டேன். பேரிமரத்துக்கும் சூடாக்கிக்கும் நான் ஏன் நன்றி சொல்ல? மனிதர்கள் தங்கள் தங்கள் கணக்குக்கு வாக்குப் போடுகிறார்கள். ஊரிலும் அப்படித்தான், சாதிக்கும் சொந்தத் தெரு ஒழுங்கைக்கும் போட்டோம். அதில் பிழையில்லை. ஆனால் என் பிள்ளையின் தலைக்குமேல் கூரை இருப்பதா இல்லையா என்று ஊரே கூடிக் கணக்குப் பார்க்கிறபோது, என்னைச் சுவரோரம் இருத்திவைத்துவிட்டு நன்றியும் கேட்கக்கூடாது.

அந்த வருடம் இலையுதிர்காலத்தில் இன்னொரு ஊர்க்கூட்டம். விஷயம் கழிவுநீர்க் குழாய். எங்களுக்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. குறை சொல்லுவார்கள், போகாதீர் என்று யோகன் சொன்னார், ஆனால் பிள்ளையை அவரே வைத்துக்கொண்டார். நான் தனியாகப் போனேன். வாசலில் நின்றவர் இம்முறை கேள்வி கேட்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். நானே போய்ச் சுவரோரத்து வாங்கில் இருந்தேன். இத்தாலியர் இடம் பிடித்து வைத்திருந்தார்.

குழாயைப் பற்றி எல்லாரும் சொன்னதைக் கடைசிவரை கேட்டேன். பாதி விளங்கியது. ஓடையோரத்து வீடுகளின் அழுக்கு நேரே ஓடைக்குப் போகிறது, பிள்ளைகள் அதில் விளையாடுகிறார்கள் என்பது முழுதாக விளங்கியது. குழாய் வேண்டும் என்பவர்கள் கையை உயர்த்துங்கள் என்று தலைவர் சொன்னார்.

நான் கையை உயர்த்தினேன். இத்தாலியர் என்னைப் பார்த்தார், பிறகு சட்டென்று தன் கையையும் உயர்த்தினார்.

வாக்கு எண்ணுகிறவர் ஓர் இளம் வாத்தியார். விரலால் சுட்டிச் சுட்டி வரிசைவரிசையாக வந்தவர் எங்களிடம் வந்ததும் நின்றுவிட்டார். குனிந்து, சங்கடத்தோடு, மெதுவாகச் சொன்னார்: "மன்னிக்கவேண்டும், உங்களை நான் எண்ணமுடியாது."

"தெரியும்" என்றேன். "நீங்கள் எண்ணுவதற்காக நான் தூக்கவில்லை."

அவர் அடுத்த வரிசைக்குப் போனார். மண்டபத்தின் கடைசிக் கை எண்ணி முடியும்வரை நான் என் கையை இறக்கவில்லை.